டிரில் மாஸ்டர் ஆசிரியரான கதை

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பழகிய இடம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, அரங்கு வரிசைகளில் கால் வலிக்க நடந்து, பை கனக்க வீடு திரும்புகிறார்கள். அவர்கள் நடந்துவிட்டு வரும் மண் ஒரு கல்லூரிக்குச் சொந்தமானது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கரும்பலகையைவிட அந்தத் தரையோடுதான் பழக்கம் அதிகம். 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அது. ஆசியாவிலேயே இப்படி ஒரு கல்லூரி முதலில் வந்தது இங்கேதான் என்று அங்கே படித்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமைக்குள் நான் போகவில்லை. அதைவிடப் பெரியதாக எனக்குத் தோன்றுவது வேறு. கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாக நம் பள்ளிகளில் நாம் எல்லோரும் பார்த்த பி.டி. வாத்தியார் பிறந்த வீடு அது.

அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் டிரில் மாஸ்டர். 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, பள்ளிப் பிள்ளைகளின் உடல் வளர்ச்சிக்கு நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதுதான். சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை அழைத்து வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்பு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அட்டென்ஷன், லெஃப்ட் ரைட் என்று கட்டளை கொடுத்தார்கள். வரிசை கோணினால் பிரம்பு. அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் எலும்பு என்ன பாரம் தாங்கும், காய்ச்சலில் எழுந்து வந்தவனை எத்தனை நாளைக்கு ஓடவிடக் கூடாது, பயந்து ஒதுங்குகிறவனை எப்படி ஆட்டத்துக்குள் இழுப்பது போன்ற கேள்விகள் அந்தப் பணியின் பகுதியாகவே கருதப்படவில்லை. சம்பளமும் சொற்பம், மரியாதையும் சொற்பம். மற்ற வாத்தியார்களோடு சமமாக உட்காரும் நிலை அவருக்கு வாய்க்கவில்லை.

இந்த டிரில் மாஸ்டரின் இடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்த பாதை சுற்றுப்பாதை. அது லண்டனில் ஒரு துணிக்கடையில் ஆரம்பிக்கிறது.

1844 ஜூன் மாதம், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தி தன் கூட்டாளிகள் பதினோரு பேரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். கிராமங்களிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்து, கடையிலேயே வேலை செய்து கடைக்கு மேலேயே படுத்துக்கொண்ட இளைஞர்கள் சேர்ந்து ஜெபிக்கவும் வேதம் படிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அதில் பந்தும் இல்லை, பார் கம்பியும் இல்லை. ஆன்மாவைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகமே இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் சங்கக் கட்டடங்களுக்குள் உடற்பயிற்சிக் கூடங்கள் நுழைந்தன. அப்போதும் ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. உடற்பயிற்சிக் கூடம் எதற்கு? இளைஞனை உள்ளே வரவழைத்து வேத வகுப்பில் உட்காரவைக்கத்தானா, அல்லது உடம்பைப் பேணுவதே ஒரு நற்காரியமா?

அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னவர் லூதர் ஹால்சி குலிக். மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளை, ஹொனலூலுவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களைப் பயிற்றுவித்த கிறிஸ்தவப் பள்ளியில் உடற்பயிற்சித் துறையை நடத்தினார். மனிதனை உடல், மனம், ஆன்மா என்று கூறுபோட முடியாது, மூன்றும் சேர்ந்ததுதான் மனிதன், மூன்றையும் கொடுத்தவர் கடவுள், ஆகவே ஒன்றைப் பேணி ஒன்றை விடுவது அரைகுறை பக்தி என்பது அவர் வாதம். 1891-இல் அதற்கு அடையாளமாக ஒரு முக்கோணம் வரைந்தார். இன்று உலகம் முழுக்க ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களின் முகப்பில் இருக்கிற தலைகீழ் முக்கோணம் அதிலிருந்து வந்ததுதான். உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகப் பார்ப்பது தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு அப்படித்தான் எழுதினார். திருமூலரும் உடம்பை ஓம்பச் சொன்னார். குலிக் செய்த புதுமை, அந்த நம்பிக்கையை ஒரு பாடத்திட்டமாக்கியது. உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம், கற்பிக்கும் முறை என்று படித்துத் தேறி வருகிறவரே உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும் என்றார் அவர்.

அந்தப் பள்ளியில் 1891 குளிர்காலத்தில் நடந்த சம்பவம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். ஆனாலும் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடற்கல்வி ஆசிரியர் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வெளியே பனி. கால்பந்துப் பருவம் முடிந்து பேஸ்பால் பருவம் வரும்வரை மாணவர்கள் கூடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். அதில் ஒரு வகுப்பு மட்டும் அடங்கவில்லை. சங்கச் செயலாளர் வேலைக்குப் படித்த பதினெட்டு வாலிபர்கள். குதி, வளை, தூக்கு என்ற பயிற்சிகள் அவர்களுக்குச் சலித்துவிட்டன. முன்பு வந்த ஆசிரியர்களால் அவர்களை மேய்க்க முடியவில்லை. குலிக் அந்த வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் உள்ளே ஆடத்தக்க ஒரு புது ஆட்டம் கண்டுபிடிக்கச் சொன்னார். நெய்ஸ்மித் கனடாக்காரர். மாண்ட்ரியலில் இறையியல் படித்தவர், போதகராக வேண்டியவர்.

முதலில் அவர் வெளியே ஆடும் ஆட்டங்களைக் கொஞ்சம் மாற்றி உள்ளே கொண்டுவந்து பார்த்தார். அடிபட்டதுதான் மிச்சம். பிறகு உட்கார்ந்து யோசித்தார். ஏன் அடிபடுகிறது? பந்தோடு ஓடுகிறவனைத் தடுக்க மற்றவன் மேலே விழுகிறான். பந்தோடு ஓடக் கூடாது என்று வைத்துவிட்டால் மேலே விழ வேண்டிய அவசியமே இல்லை. ஏன் பந்தை இத்தனை வேகமாக அடிக்கிறார்கள்? கோல் எதிரே நிற்கிறது. கோலைத் தலைக்கு மேலே தூக்கி, வாயை மேல்நோக்கி வைத்துவிட்டால் வேகத்தால் பயனில்லை, பதமாகத் தூக்கிப் போட்டால்தான் விழும். சிறுவயதில் பாறை மேல் இருக்கும் கல்லைக் கல்லெறிந்து தட்டி ஆடிய ஆட்டம் அவருக்கு நினைவு வந்தது. அதில் ஓங்கி எறிகிறவனைவிட வளைத்துப் போடுகிறவனே ஜெயிப்பான். பதின்மூன்று விதிகளைத் தட்டச்சடித்துப் பலகையில் ஒட்டினார். காவலாளி கொடுத்த இரண்டு பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் இருந்த மாடக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். அன்றைய ஆட்டம் முழுக்க ஒரே ஒரு கூடைதான் விழுந்தது. அந்தப் பத்தடி இன்றும் மாறவில்லை. உலகத்தின் எந்த மூலையில் ஆடினாலும் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

கூடைப்பந்தின் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் தன் முன்னே நிற்கும் பதினெட்டு பேரைப் பற்றிய கவலை இருக்கிறது. அடிபடக் கூடாது, ஒதுங்கி நிற்கக் கூடாது, சலிக்கவும் கூடாது. நான்கு வருடம் கழித்து, அருகிலிருந்த ஹோலியோக் ஊரில், அதே பள்ளியில் படித்த வில்லியம் மார்கன் தன்னிடம் வந்த நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்து மூச்சுவாங்குகிறதே என்று பார்த்தார். நடுவில் வலை கட்டி, ஆளோடு ஆள் மோதாமல் பந்தைத் தட்டி ஆடும் ஓர் ஆட்டத்தை அமைத்தார். நம் ஊர்களில் இரண்டு கம்பம் நட்டு, மாலை நேரத்தில் விளக்குப் போட்டு ஆடுகிற வாலிபால் அதுதான். நெய்ஸ்மித்தின் முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக நின்ற டங்கன் பேட்டன் 1894-இல் இந்தியாவுக்கு வந்து கூடைப்பந்தை இங்கே அறிமுகம் செய்தார்.

சென்னைக்கு ஒய்.எம்.சி.ஏ. வந்தது 1890-இல். டேவிட் மெக்கனாகி என்ற அமெரிக்கர் வந்து தொடங்கினார். ஃபிலடெல்ஃபியா வணிகர் ஜான் வானமேக்கர் பணம் கொடுத்தார். எஸ்பிளனேடில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே செந்நிறக் கட்டடம் எழும்பியது. உடலைப் பேணும் ஆசையை அமெரிக்கர்கள் வந்துதான் சென்னை இளைஞர்களுக்கு ஊட்டினார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. புச்சி பாபு நாயுடு 1888-இலேயே மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட்டை நம்மவர்கள் கையில் கொடுத்திருந்தார். 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் புரிந்துகொள்ளவும் முதலில் உடம்பில் பலம் வேண்டும், கால்பந்து ஆடுங்கள் என்ற பொருளில் இளைஞர்களுக்குச் சொன்னார். தெருத்தெருவாகத் தாலிம் கூடங்கள் இருந்தன. தண்டால், பஸ்கி, கர்லா கட்டை, சிலம்பம் எல்லாம் குரு சீடன் வழியாக வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை தேடிப் போகிறவனுக்கு மட்டும் கிடைத்தவை. தாலிமுக்குப் போகாத பிள்ளை, நோஞ்சான் பிள்ளை, பெண் பிள்ளை ஆகியோருக்கு அங்கே இடம் குறைவு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் அப்போது எங்கும் இல்லை.

டாக்டர் ஜே.எச். கிரே 1908-இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சிப் பணியை ஒழுங்குபடுத்தினார். கல்கத்தாவில் ஒருவர், பம்பாயில் ஒருவர் என்று அமெரிக்கப் பயிற்றுநர்களை வரவழைத்தால் இந்தத் தேசத்துக்குப் போதுமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. போதாது. இங்கேயே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும். சேலத்தில் பிறந்த தமிழர் கே.டி. பால் 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளரானார். சங்கத்தின் வேலை நகரத்துக் கட்டடங்களோடு நின்றுவிடாமல் கிராமத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டும், இந்தியர் கைக்கு வர வேண்டும் என்று உழைத்தவர் அவர். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் 1919-இல் ஹாரி குரோ பக் இந்தியா வந்தார்.

பக் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்ற சிற்றூரில் 1884-இல் பிறந்தவர், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். நெய்ஸ்மித்தையும் மார்கனையும் உருவாக்கிய அதே பட்டறை. வந்த மறு வருடமே, 1920-இல், எஸ்பிளனேடில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. சொந்த மைதானம் இல்லாத மைதானப் படிப்பு. பிறகு ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளியின் திடலை நம்பி ஓடியது.

அந்த 1920 என்ற வருடத்தைச் சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாது. பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க முடிவெடுத்தது அதே வருடம். மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டம் வந்ததும் அதே வருடம். இரட்டை ஆட்சி முறையில் கல்வித்துறை இந்திய அமைச்சர்கள் கைக்கு வந்ததும் அப்போதுதான். பள்ளிக்கூடம் என்றால் புத்தகத்துக்கு மட்டும் உரிய இடமில்லை, அங்கே வரும் பிள்ளைக்கு வயிறும் உடம்பும் உண்டு என்ற நினைப்பு ஒரே நகரத்தில், சில மைல் தொலைவுக்குள், ஒரே சமயத்தில் தலையெடுத்தது. ஒன்றை நீதிக்கட்சிக்காரர்கள் செய்தார்கள், மற்றதை ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவர் செய்தார். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவை ஒரே கதையின் இரண்டு கைகளாகவே தெரிகின்றன.

பக் இங்கே வந்து ஸ்பிரிங்ஃபீல்டை அப்படியே பிரதி எடுக்கவில்லை. இந்தப் பள்ளிக்குச் செலவுக்குப் பணமில்லை, நம் பள்ளிகளிலும் இருக்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் கருவிகளுக்காகக் காத்திருந்தால் பாடம் நடக்காது. கூடைப்பந்தையும் கைப்பந்தையும் தடகளத்தையும் கற்றுக்கொடுத்த அதே நிலத்தில் தண்டாலும் பஸ்கியும் நாட்டு ஆட்டங்களும் பாடமாயின. எங்கிருந்து வந்தாலும் பிள்ளைக்கு நல்லதென்றால் எடுத்துக்கொள்வது அவர் கொள்கை. உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஏற்ற உடற்பயிற்சிப் பாடத்திட்டம் ஒன்றைத் தொகுத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் கொண்டுவந்த புத்தகம் பல பள்ளிகளில் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் பஞ்சாயத்தாக இருந்தது. கல்லூரியிலிருந்து ‘வியாயாம்’ என்ற இதழும் வந்தது.

அக்கால ஒய்.எம்.சி.ஏ. அமெரிக்கர்கள் சிலருடைய எழுத்தில் இந்தியன் பலவீனன், சோம்பேறி, அவனை நாம் வந்து ஆணாக்குகிறோம் என்ற ஆணவம் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை. தேசியவாதிகள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் உண்டு. விதர்ப்பாவில் அமராவதி நகரத்தில் வைத்தியா சகோதரர்கள் 1914-இல் தொடங்கிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், தேசிய உணர்வோடு நாட்டு முறைகளை வளர்த்தது. அது வேறு ஓர் ஊற்று. ஆனால் ஒரு கருத்து எப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வந்தது என்பதோடு, மண்ணில் இறங்கிய பிறகு அது என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். சடுகுடு ஆடுகிறவன் எதிராளியைத் தொட்டாக வேண்டும். தொடாமல் ஆட வழியில்லை. 1920-களின் மதராஸ் மாகாணத்தில், கிணற்றுக்கும் தெருவுக்கும் தடை இருந்த ஊர்களில், பல சாதிப் பிள்ளைகளை ஒரே கோட்டுக்குள் நிறுத்தி ஆடவைக்கும் ஓர் ஆசிரியரைப் பள்ளிக்கு அனுப்புவது சாதாரண வேலையா? எல்லா ஊரிலும் அது நடந்திருக்காது. நடந்த ஊரில் அந்த மைதானம் செய்ததை எந்த உபதேசமும் செய்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

மாகாணத்தைத் தாண்டியும் பெயர் பரவியது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியா தடகள அணியை அனுப்பியபோது, அந்த அணிக்கு மேலாளராகப் போனவர் பக். அந்த வருடம் பிப்ரவரியில் டெல்லியில் மாகாணங்களுக்கிடையே போட்டி வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மதராஸின் சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பின்னாளில் அவர் மருத்துவராகி, நாட்டின் சுகாதாரத் துறையில் உயர்ந்த பதவிக்குப் போனார். அந்த அணிக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. பாரிஸிலிருந்து திரும்பிய பக், ஒய்.எம்.சி.ஏ.வின் இன்னொரு உடற்பயிற்சி இயக்குநரான டாக்டர் ஏ.ஜி. நோரனோடு ரயிலேறி மாகாணம் மாகாணமாகப் போய், ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க உதவினார். அவை ஒன்றுசேர்ந்து 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கமாயின. தோராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர். இன்று பதக்கப் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நமக்கு, அந்த அமைப்பின் அடித்தளத்தில் உடற்பயிற்சிப் பணிக்காக வந்த இருவர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

கல்லூரி கடைசியில் சைதாப்பேட்டைப் பக்கம், அடையாற்றங்கரை வெளிக்கு, இன்றைய நந்தனம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. 1856-இலிருந்து ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருந்த சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு அருகிலேயே இடம் அமைந்தது பொருத்தம். பக் அமெரிக்கா திரும்பி ஓய்வெடுக்கவில்லை. 1943-இல் இறக்கும்வரை அந்தக் கல்லூரியே அவர் வாழ்க்கையாக இருந்தது.

உடற்கல்வி படிக்கிறான் என்றால் படிப்பு வராதவன் என்று நம் வீடுகளில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் ஓட்டப்பந்தயத் தடம் போடுகிற வகுப்பு ஒன்றைப் பார்க்க வேண்டும். பக் காலத்தில் கெஜக் கணக்கு, 440 கெஜம். இப்போது 400 மீட்டர். ஒரு பொட்டல் வெளி, ஒரு அளவு நாடா, கயிறு, முளைகள், ஒரு மூட்டை சுண்ணாம்பு. இரண்டு நேர்கோடுகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள், ஆரம் 36.50 மீட்டர். கூட்டிப் பார்த்தால் 400 வராது, குறையும். ஓடுகிறவன் கோட்டின் மேலேயே ஓட மாட்டான், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவான் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். ஆரம் 36.80 ஆகும், அப்போது 400 சரியாக வரும். அடுத்து இரண்டாவது பாதை. பாதையின் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப் போக வட்டம் பெரிதாகும், அங்கே ஓடுகிறவன் அதிக தூரம் ஓட நேரும். அதனால் இரண்டாவது பாதைக்காரனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாவது பாதைக்கு அதற்கும் மேல் 7.66. எட்டுப் பாதைக்கும் இப்படிக் கணக்குப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஒரு பிள்ளைக்கு அநியாயம். நீதியை நாடாவால் அளந்து தரையில் எழுதும் படிப்பு வேறு எது?

இது ஒரு வகுப்பு மட்டும். தசை எங்கே தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்ற உடற்கூறும், மூச்சும் நாடியும் உழைப்பில் எப்படி மாறுகின்றன என்ற உடலியங்கியலும், சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்ற முதலுதவியும், முகாமில் ஒரு கூட்டத்தை வழிநடத்துவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சிப் பாடம். பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். பாடக் குறிப்பு கையில் இருக்கும். பிள்ளைகள் நாற்பது பேர், பந்து ஒன்றோ இரண்டோ. முப்பத்தெட்டு பேர் சும்மா நிற்காதபடி அந்த வேளையை அமைக்க வேண்டும். நெய்ஸ்மித்துக்கு அந்தப் பதினெட்டு பேர் வைத்த பரீட்சை ஒவ்வொரு மாணவனுக்கும், மாணவிக்கும் திரும்ப வைக்கப்படுகிறது. மாணவிக்கும் என்று அழுத்திச் சொல்கிறேன். பி.டி. பீரியடில் பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலம் நீண்டது. பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வந்த பள்ளிகளில்தான் அவர்கள் எழுந்து மைதானத்துக்குள் வந்தார்கள்.

கல்லூரியின் பெயரில் கிறிஸ்து இருந்தாலும் அங்கே எல்லா மதத்தவரும் படித்தார்கள், படிக்கிறார்கள். அந்தக் கருத்து மதத்தின் வேலியைத் தாண்டிப் போனதற்கு நல்ல சாட்சி கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 1956-இல் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கி, அதற்கு மாருதி என்று பெயர் வைத்தது. காரைக்குடியில் அழகப்பர் பெயரால் ஒன்று எழுந்தது. மத்திய அரசு 1957-இல், சிப்பாய்க் கிளர்ச்சியின் நூற்றாண்டு நினைவாக, குவாலியரில் லட்சுமிபாய் பெயரில் ஒன்றைத் தொடங்கியது. விவேகானந்தரின் சீடர்களும் அரசாங்கமும் செட்டிநாட்டு வள்ளலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: உடம்பைப் பற்றிச் சொல்லித்தருகிறவருக்கும் கல்லூரி வேண்டும். தமிழ்நாடு 2000-களின் நடுவில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை மேலக்கோட்டையூரில் அமைத்தது. பி.பி.எட். படிப்பு முன்பு ஒரு வருடம், இப்போது இரண்டு வருடம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்கு உடல்நலமும் உடற்கல்வியும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த ஆள் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ என்று எழுதிவிட்டது. அதன்படி தமிழ்நாடு 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பல பாடங்களுக்கும் சேர்த்து 16,500-க்கும் மேற்பட்டவர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். உடற்கூறும் உடலியங்கியலும் படித்து, தடத்தின் ஆரத்தை இரண்டு தசமப் புள்ளிவரை கணக்கிடத் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. தங்களை முழுநேர ஆசிரியர்களாக்கச் சொல்லி அவர்கள் வருடக்கணக்கில் சென்னைக்கு வந்து போராடியிருக்கிறார்கள். அது சம்பள உயர்வுக்கான வழக்கமான கோரிக்கை என்று பத்திரிகையில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. 1920-இல் எஸ்பிளனேடில் தொடங்கிய வேலையின் மிச்சம் அது. வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் ஒரு பிள்ளைக்கு உடம்பு இருப்பதில்லை.